மிளகாய் நெடி

பீர்க்கன்கரணை ஏரி நிரம்பிவிட்டால் எங்கள் லைன் வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறும். ஓதம் ஏறிய சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுப் பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும். இது நானே கண்டுபிடித்தது, எந்த இன்ஜினியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இந்த நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் பல வருடமாகத் தனியாகப் படுத்துக் கிடப்பவன் நான்தான், இன்ஜினியர் இல்லை. அந்தப் பக்கம் கன்னியம்மாவும் அவளுடைய இரண்டு பெண்களும். அவர்கள் சிரித்தால் டிவி சத்தத்தைக் குறைப்பேன். சண்டை போட்டால் கூட்டுவேன். என்னால் முடிந்த நாகரிகம் அவ்வளவுதான்.

இந்த வருடம் ஏரி நிரம்பியும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இளையவள் ஓவியா போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றதும் தெரு வேறு மாதிரி பேசியது. ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நினைக்கிற தெரு இது. அவள் போனது கபடிக்கு. அஸ்தினாபுரம் பக்கம் ஒரு காலேஜில் சீட்டும் ஹாஸ்டலும் கொடுத்துத் தங்கள் டீமுக்கு ஆடக் கூப்பிட்டார்கள், போனாள். பெருங்களத்தூரில் ரயில் ஏறி குரோம்பேட்டையில் இறங்கினால் வந்துவிடுகிற தூரம். தீபாவளிக்குக்கூட வரவில்லை.

அவள் விட்டுவிட்டுப் போனது அக்காவின் டீமை. அக்கா சத்யபிரியாதான் எங்கள் ஏரிக்கரைப் பெண்கள் கபடிக் குழுவின் கேப்டன். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆரோன் சார் ஆரம்பித்த டீம் அது. விசில் மட்டும்தான் அவருடையது, டீம் சத்யாவுடையது என்று அவரே சொல்வார். நான் பெருங்களத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன். டீமில் யாருக்குக் கால் பிசகினாலும் "தாவீது அண்ணா" என்று என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் எந்த மேட்ச் நடந்தாலும் பஞ்சும் பேண்டேஜுமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சத்யா பகலில் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் ஏற்றுமதிச் சட்டைகளுக்குக் காலர் செக்கிங் பார்க்கிறாள். கோணல் தையல் கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரியாக இருக்கிற சட்டைக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை, அது பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும். நாளெல்லாம் குறை தேடுகிறவள் சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்தால் வேறு ஆள். யாரை எப்படித் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வினிதா எங்கள் ரெய்டர், எதிராளி பக்கம் ஏறிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவள். அவளைக் கிண்டல் பண்ணினால்தான் வேகம் வரும். "இன்னா மேடம், கல்யாண வூட்டுக்கா போற, இத்தினி ஸ்லோவா?" என்பாள். வினிதா முறைத்துக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வருவாள். அன்புச்செல்விக்குச் சத்தம் போட்டால் கை நடுங்கும். அவளிடம் கிட்டப் போய்த் தோளில் கை வைத்து, "ஒண்ணும் இல்ல டா அன்பு, அடுத்தது நம்ளுது" என்பாள். யார் மதியம் சாப்பிடவில்லை, யாருக்கு வயிற்றுவலி நாள் என்பதெல்லாம் அவள் கணக்கில் இருக்கும். பையில் எப்போதும் பன் பாக்கெட். அவுட் ஆகி வெளியே வந்து உட்காருகிறவளுக்கு முதல் கைதட்டு சத்யாவுடையதுதான். தோற்றுவிட்டு வரும்போதுகூட வேனில் பாட்டு ஓடும். பல டீம்களைப் பார்த்தவன் சொல்கிறேன், அந்தப் பெண்கள் ஒருத்தருக்கொருத்தர் அப்படி ஒட்டிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் சத்யாதான்.

ஆனால் ஓவியாவுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

கபடியில் பிடிக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகக் கை கோத்து நிற்பார்கள். வலது ஓரத்தில், அதாவது ரைட் கார்னரில், சத்யா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்து நிற்பவள் ஓவியா. எதிராளி ஏறி வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பின்வாங்கி, சேர்ந்து முன்னேறி, யார் முதலில் பாய்வது என்று விரல் அழுத்தத்திலேயே பேசிக்கொள்வார்கள். ஓவியா காலைப் பிடித்தால் பிடித்ததுதான். கணுக்காலுக்குக் கீழே இரண்டு கையும் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் முகம் புதைத்துவிடுவாள். கூட்டம் விசில் அடிக்கும். சத்யா மட்டும், "இடது கால இன்னும் உள்ள வெச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுவாள், மறுபடி கோத்துக்கொள்ள.

ஆடி மாதத்தில் ஒருநாள் அது வெடித்தது. நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். சுவர் என்னை விடவில்லை.

"அன்பு கோட்ட தாண்டி அவுட் ஆனா 'பரவால்ல டா'ன்ற. வினிதா தொட்டா கட்டிப் புடிக்கிற. நான் இன்னா பண்ணாலும் கால வெச்சது தப்பு, கைய போட்டது தப்பு. உன் கம்பெனி சட்ட மாறி எங்கிட்ட மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிகினே கீற!"

"நீ என் கை டீ. என் கைய நானே தட்டிக் குடுத்துக்குவனா?"

"கையா? கைன்னா வலிக்காதா?"

கன்னியம்மா நடுவில் வந்து, "இன்னாத்துக்கு இப்ப இந்த பேஜாரு? சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

"எனக்கு வாணாம். நான் அந்த காலேஜுக்கே போறேன். அங்க ஒரு நாள் தான் ஆடிக் காமிச்சேன். அந்த சார் 'சபாஷ்'ன்னாரு. அத்த கேட்டு எனக்கு அழுகையே வந்துச்சு, தெரியுமா? அயல் ஊரு ஆளு சொல்லி நான் அழுவுறேன்."

"போனா போ" என்றாள் சத்யா. போனாள்.

சத்யா ஏன் தங்கைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் இங்கே குடிவந்த புதிதில் அந்த வீட்டில் குமரவேல் இருந்தான், கன்னியம்மாவின் புருஷன். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். நல்ல மனுஷன், வேலையும் சுத்தம். ஒருநாள் குழாயடியில் கன்னியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எம் புருசன் பெயிண்ட் அட்சா செவுத்துல மூஞ்சி பாத்துக்கலாம். இந்த தாம்பரத்துல அவருக்கு ஜோடி கீதா?" சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. அந்த வாரமே சேலையூரில் ஒரு அபார்ட்மெண்டில் அவன் தொங்கிக்கொண்டிருந்த கயிறு அறுந்தது. பழைய கயிறு. அதை மாற்றச் சொல்லி அவன் கேட்டிருந்தானாம். ஆனால் கன்னியம்மா கயிற்றைக் குறை சொல்லவே இல்லை. "எங் கண்ணே பட்டுச்சு, எங் கண்ணே பட்டுச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டதைக் கேட்டவர்களில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்ற சத்யாவும் ஒருத்தி. ஓவியா அப்போது தவழ்கிற குழந்தை.

அன்றோடு அந்த வீட்டில் நல்ல வார்த்தை நின்றுபோனது. மீன் குழம்பு மணத்தால் "ஏதோ கீது" என்பாள் கன்னியம்மா. பிள்ளை பாஸ் பண்ணிவிட்டு வந்து நின்றால் "சரி, போய் தண்ணி புடி" என்பாள். பாசம் இல்லாமல் இல்லை. பாசம் இருந்ததால்தான் வாயைக் கட்டிக்கொண்டாள். ஓவியாவுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் கண் வைத்ததாகிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

விரலில் நகம் பெயர்ந்து ஒருமுறை சத்யா என்னிடம் கட்டுப் போட வந்தாள். கேட்டே விட்டேன்.

"ஊர்ல கீற பொண்ணுங்கள எல்லாம் கொஞ்சுற. தங்கச்சிக்கு ஒரு வார்த்த சொன்னா இன்னாம்மா?"

"வெளிய சொல்லலாம் அண்ணா. வூட்டுக்குள்ள சொன்னா தான் பயம். எங்கப்பா பத்தி உங்களுக்கு தெரியாதா?"

"அது கயிறு அறுந்தது. இந்த திருஷ்டி கிருஷ்டி எல்லாம் சும்மா."

"உங்களுக்கு சர்ச் கீது. எங்களுக்கு இன்னா கீது? அவ ஒருத்தி தான் கீறா."

நான் பிளாஸ்திரியை ஒட்டினேன்.

ஓவியா போன பிறகு அவள் இடத்தில் அன்புவை நிறுத்தினார்கள். அன்பு நல்ல பிள்ளை, பாவம். ஆனால் சத்யா விரலை அழுத்தினால் அவளுக்கு அர்த்தம் புரியவில்லை. ஓரடி தாமதமாகப் பாய்ந்தாள், அல்லது பாயாமல் நின்றாள். சத்யா தரையில் விழுந்து கிடக்க, எதிராளி கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "பரவால்ல டா அன்பு" என்பாள் சத்யா. அதைச் சொல்லும்போது குரல் அங்கே இருக்கும், கண் அங்கே இருக்காது. வெறும் கையை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பாள்.

வீட்டில் இன்னும் மோசம். கன்னியம்மாவுக்கு மீன் மார்க்கெட்டில் வேலை. மீன் விற்பதில்லை. வாங்குகிறவர்களுக்கு ஆய்ந்து கொடுக்கிறவள். பெரிய அரிவாள்மனையைக் காலால் மிதித்து உட்கார்ந்து, செதில் சீவி, குடலெடுத்து, துண்டு போட்டுக் கவரில் கட்டித் தருவாள். நல்ல மீன் தலை மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவருவாள். சங்கரா மீன் தலை ஓவியாவுக்கு உயிர். இப்போதும் பழக்கதோஷத்தில் கொண்டுவந்து குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் தலையைத் தொடாமல் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தில் போட்டு எனக்கு அனுப்பினார்கள். நான் ருசித்துச் சாப்பிட்டேன் என்று சொன்னால் பொய். விடியற்காலையில் வண்டலூர் மிருகக்காட்சிசாலைப் பக்கமிருந்து சிங்கம் உறுமுகிற சத்தம் எங்கள் தெருவரைக்கும் வரும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு ஓவியா பதில் உறுமல் விடுவாள், சத்யா அவளை உதைப்பாள். இப்போது சிங்கம் மட்டும் உறுமிவிட்டு ஓய்ந்தது.

கார்த்திகை மாதம் சேலையூரில் ஒரு டோர்னமெண்ட். அரையிறுதியில் எங்களுக்கும் அந்தக் காலேஜுக்கும்தான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் தலைக்கு மேல் வேலை, கன்னியம்மாவால் வர முடியாது. "ரெண்டும் கால உடைச்சிக்காம வரட்டும்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் மழை. களம் சொதசொதவென்று இருந்தது, மணல் கொட்டிச் சமாளித்திருந்தார்கள். ஓவியா புது நீல ஜெர்சியில் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "நல்லா கீறீங்களா அண்ணா?" என்றாள். "அம்மா நல்லா கீதா?" என்றாள். மூன்றாவதாக ஒரு கேள்வி வாய்வரை வந்தது தெரிந்தது. கேட்காமல் போய்விட்டாள்.

ஆட்டம் இழுபறி. வினிதா உயிரைக் கொடுத்து ஆடினாள். ஓவியாவும் சளைக்கவில்லை. கடைசியில் நேரம் முடிகிற கட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால் நின்றார்கள். வினிதா அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தாள். ஏறிப் போக ஆள் இல்லை. பிடிக்கிறவள்தான் என்றாலும் கேப்டனே போக வேண்டியதாயிற்று. ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்தால் சமன், இரண்டு பேரைத் தொட்டால் ஜெயம்.

"கபடி கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே சத்யா உள்ளே போனாள். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏறிப் போகிறவள் அந்தப் பாட்டை ஒரே மூச்சில் விடாமல் பாடவேண்டும். நடுவில் நின்றாலோ வேறு வார்த்தை பேசினாலோ அவுட். அவர்கள் பிடித்துக்கொண்டாலும் பாட்டு நிற்காமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் அவுட், பாயிண்ட் நமக்கு.

நடு ஆளைத் தொடுவதாகப் போக்குக் காட்டிவிட்டு சத்யா ஓரமாகத் திரும்பினாள். ஓவியா பாய்ந்தாள். கணுக்காலுக்குக் கீழே இரண்டு கை, நெஞ்சோடு அணைப்பு, முகம் மண்ணில். இடது கால் உள்ளே இருந்தது, அக்கா வருடக்கணக்காகச் சொன்ன இடத்தில். சத்யா குப்புற விழுந்தாள். இன்னொருத்தி முதுகில் விழுந்தாள். சத்யா பாடிக்கொண்டே ஊர்ந்தாள். நடுக்கோடு அவள் விரலுக்கு ஒரு ஜாண் தூரம். எங்கள் பெண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். "கேப்டன்! கைய நீட்டு! கைய நீட்டு!"

சத்யா கையை நீட்டவில்லை. தலையைத் திருப்பித் தன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவளைப் பார்த்தாள். பாட்டு நின்றது.

"நல்லா புடிச்ச டீ, ஓவி" என்றாள்.

விசில் ஊதிவிட்டார்கள்.

ஓவியா முகத்தை எடுக்கவில்லை. விசில் கேட்ட பிறகும் காலை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். அதற்குள் அவளுடைய டீம் ஓடிவந்து மேலே விழுந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வருகிற வேனில் பாட்டு இல்லை. தோற்றதற்காக இல்லை. தோற்பது அவர்களுக்குப் புதிதா என்ன? கேம்ப் ரோடு தாண்டுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வினிதா கடைசியில் கேட்டாள்.

"கோடு அங்க தான் இருந்துச்சு கேப்டன். ஒரு ஜாணு. நீ கைய நீட்டல."

"ஆமா."

"எங்களுக்கு எல்லாம் இன்னான்னா சொல்லிக் குடுத்த? மூச்சு போனாலும் பாட்டு போவக்கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான் தான்."

"அப்ப நாங்க யாரு உனுக்கு?"

சத்யா பையிலிருந்து பன் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. அன்புகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாம்பரம் வந்து, பெருங்களத்தூர் வந்து, எல்லோரும் இறங்கிப் போனார்கள். பிரிக்காத பாக்கெட்டோடு சத்யா ரோட்டோரம் நின்றாள். தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி மிச்சப் பேரை எல்லாம் இழந்தவள் அவளாகத்தான் இருப்பாள். ஆனால் வினிதா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாரம் முழுக்கப் பிராக்டிஸுக்கு யாரும் வரவில்லை. சத்யா மட்டும் போனாள். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி வடித்தாள். மணல் பரப்பினாள். கயிறு கட்டிச் சுண்ணாம்பால் கோடு போட்டாள். ஒற்றை ஆளாகக் கயிற்றின் ஒரு முனையைக் கல்லில் கட்டி, மறுமுனைக்கு ஓடி, சரிபார்க்கத் திரும்ப ஓடி. கிளினிக் முடிந்து வருகிற வழியில் பார்த்துவிட்டு முனையைப் பிடிக்கப் போனேன்.

"வாணாம் அண்ணா. நான் போட்டுக்கறேன்."

"யாரும் வரலியே, யாருக்கும்மா இந்தக் கோடு?"

"வந்தா கோடு இருக்கணும்ல?"

கோடு போட்டு முடித்து ரைட் கார்னரில் போய் நின்றாள். பக்கத்தில் கோக்கக் கை இல்லை. இருட்டுகிறவரை நின்றுவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். எங்கள் டீம் பெண்கள் எல்லோரும் பார்க்கப் போனார்கள். சத்யா போகவில்லை. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போய் பாக்கலியா?" என்றேன்.

"சொல்லக் கூடாதத சொல்லிட்டேன் அண்ணா. தூங்கவே முடியல. அவ ஆடுறத இன்னிக்கு நானும் பாத்தேன்னா இன்னும் மோசமாயிடும். முடிஞ்சப்புறம் வினிதா போன் பண்ணுவான்னு பாக்கறேன். பண்ண மாட்டா."

போன் வரவில்லை. வெயில் சாய்ந்த நேரத்தில் வினிதாவின் ஸ்கூட்டர்தான் வந்தது. பின்னால் ஓவியா, ஒரு காலைத் தூக்கிப் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் அவளைத் தாங்கிக்கொண்டு அன்பு. ஓவியாவின் கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

சத்யா கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. வாசலெல்லாம் அரிசி.

"ஒண்ணும் இல்ல கேப்டன், பிசகிக்கிச்சு" என்றாள் வினிதா. வண்டியை நிறுத்திவிட்டு, சத்யாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "ஹாஸ்டலுக்கு போறேன்னா. நாங்க தான் வுடல. உன் கைய கொண்டாந்துட்டோம், வெச்சுக்க."

சத்யா கிட்டே வரவில்லை. பின்பக்கமாகவே நடந்து போய்க் குழாயடியில் நின்றுகொண்டாள்.

நான் காலைத் தடவிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை, தசைநார் பிசகல்தான். ஐஸ் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கும்போது கன்னியம்மா மார்க்கெட்டிலிருந்து வந்தாள். முழங்கை வரைக்கும் செதில். கூடையைப் போட்டுவிட்டு மகள் காலடியில் உட்கார்ந்தாள்.

"எப்டிடி ஆச்சு? பாத்து ஆட மாட்டியா?"

"ஈர மண்ணுமா. வழுக்கிடுச்சு."

"ஒரு வாரமா எல்லாரும் இவளப் பத்தி தான் பேசறாங்க ஆண்ட்டி" என்று அன்பு வெகுளியாக வாயைத் திறந்தாள். "சத்யாக்கா மேட்ச் நடுவுல பாட்ட வுட்டுட்டு 'நல்லா புடிச்ச'ன்னாங்க இல்ல? ஊரே பேசுது."

கன்னியம்மா மெல்ல எழுந்தாள். குழாயடியைப் பார்த்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன் மா."

"அத்தினி ஜனத்துக்கு முன்னால?"

"ஆமா."

"அடிப்பாவி! ஒருத்தர வாயால அனுப்சேனே, பத்தாதா? அத்த பாத்துகினு தான நின்ன நீ?"

ஓவியா ஒன்றும் புரியாமல் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார அனுப்ச? இன்னா மா சொல்ற?"

கன்னியம்மா உள்ளே ஓடிப்போய்க் கைப்பிடி கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து வந்தாள். கொட்டாங்குச்சியைப் பழைய தகரச் சட்டியில் போட்டுக் கொளுத்தினாள். ஓவியாவைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, தாய் கண்ணு, கூடப் பொறந்தவ கண்ணு" என்று சுற்றினாள். "கூடப் பொறந்தவ" என்கிற இடத்தில் குரல் கம்மியது. துப்பச் சொன்னாள், ஓவியா துப்பினாள். மிளகாயையும் உப்பையும் தணலில் போட்டாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கறுத்துச் சுருண்டு புகைய ஆரம்பித்தது. திருஷ்டி இருந்தால் நெடி வராது, இல்லாவிட்டால் வரும் என்பது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டுவிட்டு வந்தவன், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்யா பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதலில் ஓவியா இருமினாள். லேசாகத்தான். அப்புறம் வினிதா தும்மினாள். அன்பு முந்தானை மாதிரி துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எனக்குத் தொண்டை கமறிக் கண்ணீர் கொட்டியது. காம்பவுண்டுக் கோடி வீட்டிலிருந்து யாரோ, "எவ அவ மொளகா வறுக்கறது?" என்று திட்டினார்கள். குழாயடியில் சத்யா இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமி இருமிக் குனிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கன்னியம்மாவும் இருமினாள். கண்ணைத் துடைக்கவில்லை. தணலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கமறுது" என்றாள். "கண்ணு படல. இவ சொல்லி ஒண்ணும் ஆவல." பிறகு யாரிடமோ கேட்கிற மாதிரி கேட்டாள். "அப்ப… அன்னிக்கு அவருக்கு? நான் சுத்திப் பாக்கவே இல்லியே."

நாங்கள் எழுந்தோம். வினிதா போகிற போக்கில் குழாயடியில் நின்றாள். "நாளைக்கு பிராக்டிஸ் கீதா கேப்டன்?" என்றாள். சத்யா தலையாட்டினாள். "கோடு போட்டுகினு இருந்தியாமே. தெரியும். அந்த பன்னு கீதா, தின்னுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

நான் என் பக்கம் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். டிவி ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஓதம் ஏறிய சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா எல்லாவற்றையும் ஓவியாவுக்குச் சொன்னாள். பெயிண்ட், குழாயடி, கயிறு, எல்லாம். ரொம்ப நேரம் அழுகைச் சத்தம். யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு ஓவியாவின் குரல் கேட்டது, இன்னும் கமறல் போகாத குரல்.

"க்கா. அன்னிக்கு மூஞ்சி மண்ணுக்குள்ள இருந்துச்சு. எல்லாரும் கத்திகினு இருந்தாங்க. சரியா கேக்கல."

ஓவியா விடவில்லை.

"கால் சரியானா நான் அந்த ஹாஸ்டலுக்கு தான் போவணும். சீட்டு குடுத்துட்டாங்க, ஆடித்தான் ஆவணும். அதுக்கு முன்னால கேட்டுட்டு போறேன். இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. அதனாலோ என்னவோ அவள் சொல்லிவிட வேண்டுமே என்று நான் தவித்தேன். சிரித்தால் சத்தத்தைக் குறைப்பேன், சண்டை போட்டால் கூட்டுவேன் என்று சொன்னேன் அல்லவா? அன்று டிவியை அணைத்தேன்.

"நல்லா புடிச்ச டீ" என்றாள் சத்யா.